‘எங்க பேங்க் அக்கவுண்ட் மாறிடுச்சு’: ஒரே மெயிலில் கோடிகள் திசைமாறுவது எப்படி?

திருப்பூரில் ஒரு பனியன் ஆர்டர் பிறப்பதும் முடிவதும் மெயிலில்தான். சாம்பிளுக்கு ஒப்புதல், கலர் மாற்றம், பர்ச்சேஸ் ஆர்டர், இன்வாய்ஸ், ஷிப்பிங் ஆவணங்கள், ‘பேமென்ட் எப்போ வரும்?’ என்ற கேள்வி... எல்லாமே இன்பாக்ஸில் ஓடும். பையர் ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ இருப்பார். நேரில் பார்ப்பது வருஷத்துக்கு ஒருமுறை நடந்தால் பெரிது. கோவையின் பம்ப், மோட்டார் கம்பெனிகள், கரூரின் வீட்டு உபயோக ஜவுளி, ஈரோட்டின் மஞ்சள் வியாபாரம் என்று கொங்கு மண்டலத்தின் வெளிநாட்டு வணிகம் முழுக்க இப்படித்தான் நடக்கிறது.

திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி மட்டும் 2024-25ஆம் நிதியாண்டில் சுமார் 40 ஆயிரம் கோடி ரூபாயை எட்டியது. இவ்வளவு பணமும் எந்தக் கணக்குக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்வது எது? பெரும்பாலும், ஒரு பிடிஎஃப் இன்வாய்ஸின் அடியில் இருக்கும் நான்கு வரிகள். வங்கியின் பெயர், கிளை, கணக்கு எண், ஸ்விஃப்ட் கோடு. அவ்வளவுதான்.

அந்த நான்கு வரிகளை மட்டும் மாற்றிவிடுவதே ஒரு பெரிய மோசடித் தொழில். இதற்கு ‘பிசினஸ் இமெயில் காம்ப்ரமைஸ்’ என்று பெயர். அமெரிக்காவின் எஃப்பிஐ அமைப்புக்கு 2024இல் வந்த புகார்களில் மட்டும் இந்த வகை மோசடியில் போன பணம் சுமார் 277 கோடி டாலர். ஓடிபி கேட்பதில்லை, லாட்டரி விழுந்ததாகச் சொல்வதில்லை. வழக்கமாக வரும் மெயில் மாதிரியே ஒரு மெயில் வருகிறது. அதனால்தான் படித்தவர்கள், அனுபவசாலிகள் எல்லோரும் சிக்குகிறார்கள்.

எப்படி நடக்கிறது?

முதல் வேலை, யாராவது ஒருவரின் மெயிலுக்குள் நுழைவது. அது ஏற்றுமதியாளரின் மெயிலாக இருக்கலாம், பையருடையதாக இருக்கலாம், நடுவில் இருக்கும் பையிங் ஏஜென்ட்டுடையதாகவும் இருக்கலாம். ‘உங்கள் மெயில்பாக்ஸ் நிரம்பிவிட்டது, இங்கே லாகின் செய்யுங்கள்’ என்று ஒரு லிங்க் வரும். கிளிக் செய்தால் அசல் போலவே ஒரு லாகின் பக்கம். பாஸ்வேர்டை டைப் செய்த நிமிடமே அது இன்னொருவர் கையில். வேறு ஏதோ இணையதளத்திலிருந்து கசிந்த பழைய பாஸ்வேர்டையே மெயிலுக்கும் வைத்திருந்தால் இந்த வேலையும் மிச்சம்.

உள்ளே வந்தவர் உடனே எதையும் தொடமாட்டார். நாட்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில் படித்துக்கொண்டே இருப்பார். யார் யாருக்கு எழுதுகிறார்கள், ‘டியர்’ போடுவார்களா ‘ஹாய்’ போடுவார்களா, எந்த ஷிப்மென்ட் எப்போது கப்பல் ஏறுகிறது, பாக்கி எவ்வளவு என்று எல்லாம் மனப்பாடம் ஆகிவிடும். பலர் ஒரு சின்ன வேலையையும் செய்துவைப்பார்கள்: ‘இன்வாய்ஸ்’, ‘பேமென்ட்’ என்ற சொல் உள்ள மெயில் வந்தால் அதன் நகல் தானாக வேறொரு முகவரிக்குப் போகும்படி ஒரு ஃபார்வர்டிங் விதி. அதற்குப் பிறகு பாஸ்வேர்டை மாற்றினாலும், அந்த விதியை யாராவது கண்டுபிடித்து நீக்கும்வரை நகல் போய்க்கொண்டே இருக்கும்.

சரக்கு கிளம்பி, பணம் வர வேண்டிய நேரத்தில்தான் அந்த மெயில் போகும். பழைய உரையாடலின் தொடர்ச்சியாகவே இருக்கும். அதே லோகோ, அதே கையெழுத்து, அதே இன்வாய்ஸ் எண். ‘எங்கள் கணக்கில் ஆடிட் நடக்கிறது, இந்த முறை மட்டும் இந்த அக்கவுண்ட்டுக்கு அனுப்பவும்’ என்று ஒரு வரி கூடுதலாக இருக்கும். முன்பெல்லாம் தப்பும் தவறுமான ஆங்கிலம் இவர்களைக் காட்டிக்கொடுத்தது. இப்போது ஏஐ கருவிகள் வந்த பிறகு அந்த அடையாளமும் போய்விட்டது.

என் - ஜி இடம் மாறியதில் 197 கோடி

இந்தியாவில் இதற்குப் பெரிய உதாரணம் 2015இல் நடந்தது. பொதுத்துறை நிறுவனமான ஓஎன்ஜிசி, சவுதி அராம்கோவுக்கு நாப்தா விற்றது. சரக்கு போய்ச் சேர்ந்தது, பணம் மட்டும் வரவில்லை. விசாரித்தபோது, ‘நீங்கள் சொன்ன புதிய கணக்குக்குத்தான் அனுப்பினோம்’ என்று பதில் வந்தது. அந்தக் கணக்கு பாங்காக்கில் இருந்தது. மோசடி மெயில் வந்த முகவரியில் ‘ஓ-என்-ஜி-சி’ என்பதற்குப் பதிலாக ‘ஓ-ஜி-என்-சி’ என்று இருந்தது. நடுவில் இரண்டு எழுத்துகள் இடம் மாறியிருந்தன. சுமார் 197 கோடி ரூபாய் திசைமாறிவிட்டதாக மும்பை போலீஸில் புகார் பதிவானது.

கூகுளும் ஃபேஸ்புக்கும்கூட தப்பவில்லை. இரண்டு நிறுவனங்களுக்கும் வன்பொருள் சப்ளை செய்வது தைவானின் குவாண்டா நிறுவனம். லிதுவேனியாவைச் சேர்ந்த எவால்டாஸ் ரிமாசௌஸ்காஸ் என்பவர் லாட்வியாவில் அதே பெயரில் ஒரு கம்பெனியைப் பதிவு செய்து, 2013 முதல் 2015 வரை போலி இன்வாய்ஸ்களை அனுப்பி 12 கோடி டாலருக்கு மேல் வாங்கிவிட்டார். 2019 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றம் அவருக்கு 5 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

இவ்வளவு பெரிய நிறுவனங்கள் ஏமாந்த இடத்தில், நான்கு பேர் உட்கார்ந்திருக்கும் ஒரு அவிநாசி ரோடு ஆபீஸ் ஏமாறுவதில் ஆச்சரியம் இல்லை.

நஷ்டம் யாருக்கு?

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. பையர் பணத்தை அனுப்பிவிட்டார், சரக்கும் அவரிடம் இருக்கிறது. ஏற்றுமதியாளருக்குச் சரக்கும் இல்லை, பணமும் இல்லை. ‘உங்க மெயில்தான் ஹேக் ஆச்சு’ என்று இரு பக்கமும் மாறி மாறிச் சொல்வார்கள். பல ஆண்டு உறவு ஒரே வாரத்தில் முறிந்துபோகலாம். பாதித் தொகைக்குச் சமரசம் பேசிக்கொள்ளலாம், இல்லையென்றால் வெளிநாட்டில் வழக்குப் போட வேண்டும். ஒரு சின்ன யூனிட்டுக்கு அது கட்டுப்படியாகாது.

அத்தோடு முடிவதில்லை. ஆர்டரைக் காட்டி வங்கியில் வாங்கிய பேக்கிங் கிரெடிட் கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஏற்றுமதிப் பணம் குறித்த காலத்துக்குள் நாட்டுக்குள் வந்தாக வேண்டும் என்பது அந்நியச் செலாவணி விதி. வராவிட்டால் அந்த ஷிப்மென்ட்டுக்குக் கிடைத்த டிராபேக் சலுகையையும் திருப்பிக் கட்டச் சொல்லலாம். நூல் கொடுத்த மில், சாயப்பட்டறை, பிரிண்டிங், தையல் யூனிட் என்று வரிசையாகப் பாக்கி நிற்கும். சனிக்கிழமை சம்பளத்துக்குக் காத்திருக்கும் தொழிலாளிக்கு இந்த மெயிலைப் பற்றி எதுவுமே தெரியாது.

எதிர்த் திசையிலும் இதே கதை நடக்கலாம். சீனாவிலிருந்தோ தைவானிலிருந்தோ நிட்டிங் மெஷின் வாங்கும் யூனிட், அட்வான்ஸ் தொகையை யாரோ ஒருவரின் கணக்குக்கு அனுப்பிவிட்டு மெஷினுக்குக் காத்திருக்கும்.

லிங்க்ட்இன்னும் வாட்ஸ்அப்பும் எங்கே வருகின்றன?

மெயிலை உடைக்காமலே பாதி வேலையை முடித்துவிட முடியும். அதற்குத் தேவையான தகவலை நாமே சமூக வலைதளங்களில் கொடுத்துவிடுகிறோம்.

லிங்க்ட்இன்னில் ஒருவர் ‘அக்கவுண்ட்ஸ் மேனேஜர்’ என்று போட்டிருந்தால், பணம் அனுப்புவது யார் என்று தெரிந்துவிடுகிறது. ‘எங்கள் புதிய பையருடன் கண்காட்சியில் மகிழ்ச்சியான தருணம்’ என்று ஒரு போட்டோ போட்டால், வாடிக்கையாளர் யார் என்பதும் தெரிகிறது. ‘எம்.டி. சாருடன் பாரிஸ் பயணம்’ என்ற ஸ்டேட்டஸ், முதலாளி இந்த வாரம் ஊரில் இல்லை, கூப்பிட்டாலும் சீக்கிரம் எடுக்க மாட்டார் என்பதைச் சொல்லிவிடுகிறது. ‘20ஆம் தேதி வரை விடுமுறை’ என்று தானாகப் போகும் ஆட்டோ ரிப்ளையும் அதே வேலையைத்தான் செய்கிறது.

வேலை தேடுவோருக்கும் தொழில் வளர்ப்போருக்கும் லிங்க்ட்இன் தேவைதான். அதை மூடச் சொல்லவில்லை. யாருடன் வணிகம் செய்கிறோம், பணப் பரிமாற்றத்துக்குப் பொறுப்பு யார், இந்த நிமிடம் எங்கே இருக்கிறோம் ஆகிய மூன்றையும் உடனுக்குடன் பொதுவில் போடாமல் இருந்தால் போதும். பயண போட்டோவை ஊர் திரும்பிய பிறகு போட்டாலும் லைக் குறையாது.

வாட்ஸ்அப் இந்த மோசடியின் குறுக்கு வழி. 2022 செப்டம்பரில் புனேவின் சீரம் இன்ஸ்டிடியூட் நிறுவனத்தில், தலைமைச் செயல் அதிகாரி ஆதார் பூனாவாலா அனுப்புவதுபோல இயக்குநர் ஒருவருக்கு வாட்ஸ்அப் செய்தி வந்தது. அதை நம்பி 1 கோடி ரூபாய்க்கு மேல் பல கணக்குகளுக்கு அனுப்பப்பட்டது. டிபி போட்டோவை யார் வேண்டுமானாலும் டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ளலாம். தெரியாத எண், தெரிந்த முகம், ‘மீட்டிங்ல இருக்கேன், கால் பண்ணாதே’ என்ற வரி. மூன்றும் சேர்ந்து வந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும்.

போனில் மெயில் பார்ப்பவர்கள் கவனத்துக்கு

கம்ப்யூட்டரைவிட ஸ்மார்ட்போனில் ஏமாறுவது சுலபம். காரணம், மெயில் ஆப்களில் அனுப்பியவரின் பெயர் மட்டும்தான் பெரிதாகத் தெரியும். அந்தப் பெயரை அனுப்புபவர் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பெயரைத் தொட்டால்தான் உண்மையான முகவரி விரியும். பணம் சம்பந்தப்பட்ட எந்த மெயிலிலும் இதைச் செய்யாமல் பதில் போடக் கூடாது.

முகவரியை எழுத்தெழுத்தாகப் படிக்க வேண்டும். ஆங்கிலத்தில் சின்ன ‘ஆர்’, ‘என்’ இரண்டும் ஒட்டி நின்றால் ‘எம்’ மாதிரி தெரியும். சின்ன ‘எல்’லும் ‘1’ என்ற எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். ‘டாட் காம்’ என்று முடிய வேண்டியது ‘டாட் கோ’ என்று முடியலாம். ‘ரிப்ளை’ அழுத்தியதும் ‘டு’ இடத்தில் வரும் முகவரி, வந்த முகவரியோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது. பையரின் மெயிலே உடைக்கப்பட்டிருந்தால், முகவரி நூறு சதவீதம் சரியாகவே இருக்கும். அப்போது கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

ஒரு போன் போதும். ஆனால் யார் போடுவது?

அதனால்தான் இந்த மோசடிக்கு எதிரான வலுவான ஆயுதம் மெயிலுக்கு வெளியே இருக்கிறது. வங்கிக் கணக்கு மாறியதாக எந்த வழியில் தகவல் வந்தாலும், வேறொரு வழியில் கேட்டு உறுதிசெய்த பிறகே பணம் போக வேண்டும்.

இதில் இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவது, அழைப்பு நம் பக்கத்திலிருந்து போக வேண்டும். அவர்கள் கூப்பிட்டுச் சொல்வது கணக்கில் வராது. இரண்டாவது, எண்ணை அந்த மெயிலின் கையெழுத்துப் பகுதியிலிருந்து எடுக்கக் கூடாது. அங்கே மோசடிக்காரரின் எண்ணே இருக்கலாம். பழைய விசிட்டிங் கார்டு, ஒப்பந்தம், ஏற்கெனவே பேசிப் பழகிய எண் ஆகியவைதான் நம்பகமானவை.

‘வீடியோ காலில் முகத்தையே பார்த்துட்டேனே’ என்பதும் இனிச் செல்லாது. 2024இல் வெளிவந்த ஹாங்காங் சம்பவத்தில், பிரிட்டனின் அரூப் பொறியியல் நிறுவன ஊழியர் ஒருவர் தன் மேலதிகாரியும் சக ஊழியர்களும் இருந்த வீடியோ மீட்டிங்கை நம்பி, 20 கோடி ஹாங்காங் டாலர் அனுப்பினார். அந்த மீட்டிங்கில் இருந்த முகங்கள் டீப்ஃபேக்.

வங்கியே தடுத்துவிடாதா என்று கேட்கலாம். பல நாடுகளில், பெறும் வங்கி கணக்கு எண்ணை வைத்தே பணத்தை வரவு வைக்கும். பெயர் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது கட்டாயம் இல்லை. இது மெல்ல மாறுகிறது. இந்தியாவில் ரிசர்வ் வங்கி, ஆர்டிஜிஎஸ், என்இஎஃப்டி மூலம் பணம் அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைத் திரையில் பார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் தரும்படி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. கோவை மில்லுக்கு நூல் பணம் அனுப்பும்போது அந்தப் பெயரைப் பார்க்காமல் ‘ஓகே’ அழுத்துவது, கொடுத்த வசதியை வீணடிப்பது. யூரோ மண்டல நாடுகளில் 2025 அக்டோபரிலிருந்து இதுபோன்ற பெயர்ச் சரிபார்ப்பு நடைமுறையில் இருக்கிறது. ஆனால், கண்டம் விட்டுக் கண்டம் போகும் பணத்துக்கு இந்தப் பாதுகாப்பை நம்பியிருக்க முடியாது.

ஆபீஸில் இன்றே செய்ய வேண்டியவை

* ஆளுக்கொரு மெயில் ஐடி: ஒரே ஜிமெயில் முகவரி, ஒரே பாஸ்வேர்டு, ஐந்து பேர் பயன்படுத்துவது பல சின்ன கம்பெனிகளில் வழக்கம். வேலையை விட்டுப் போனவருக்கும் அது தெரியும். சொந்த டொமைனில் ஆளுக்கொரு ஐடி வைத்துக்கொள்வது நல்லது.

* இரண்டடுக்குப் பாதுகாப்பு: டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் ஆன் செய்தால், பாஸ்வேர்டு மட்டும் தெரிந்தவர் உள்ளே வர முடியாது. பாஸ்கீ வசதி இருந்தால் இன்னும் நல்லது. அது போலி லாகின் பக்கத்தில் வேலை செய்யாது. வாட்ஸ்அப்பிலும் டூ-ஸ்டெப் பின் வைக்க வேண்டும்.

* மாதம் ஒருமுறை செட்டிங்ஸ் சோதனை: ‘ஃபார்வர்டிங்’, ‘ஃபில்டர்ஸ்’ இரண்டையும் திறந்து, தெரியாத முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். எந்தெந்தக் கருவியில் லாகின் ஆகியிருக்கிறது என்ற பட்டியலையும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் இதற்கு ‘லிங்க்டு டிவைசஸ்’.

* டொமைனுக்குப் பூட்டு: எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்றையும் செட் செய்யும்படி மெயில் சர்வீஸ் தருபவரிடம் கேளுங்கள். முதலாவது, உங்கள் பெயரில் மெயில் அனுப்ப யாருக்கு அனுமதி என்ற கேட் ரிஜிஸ்டர். இரண்டாவது, ஒவ்வொரு மெயிலிலும் வைக்கும் முத்திரை. மூன்றாவது, முத்திரை இல்லாமல் வந்ததை என்ன செய்வது என்ற உத்தரவு. உங்கள் அசல் முகவரியை மற்றவர் போலியாகப் பயன்படுத்துவதை இவை தடுக்கும். எழுத்து மாற்றிய முகவரியைத் தடுக்காது.

* ஒப்பந்தத்தில் ஒரு வரி: ‘எங்கள் வங்கிக் கணக்கு மெயில் மூலம் மாற்றப்படாது, மாறினால் இந்த எண்ணில் பேசி உறுதி செய்த பிறகே செல்லும்’ என்று பையருடனான ஒப்பந்தத்திலும் இன்வாய்ஸிலும் போட்டுவிடுங்கள். பின்னால் தகராறு வந்தாலும் இந்த வரி கைகொடுக்கும்.

* இரண்டு பேர் விதி: புதிய கணக்கைச் சேர்ப்பவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் இன்னொருவர். நெட் பேங்கிங்கிலேயே இதற்கு வசதி இருக்கிறது.

* சப்ஜெக்ட் வரியில் ஆர்டர் எண்: ஒவ்வொரு ஆர்டருக்கும் தனி மெயில் தொடர் வைத்துக்கொண்டால் தேடுவதும் சுலபம், நடுவில் புதிதாக நுழைந்த முகவரியும் சட்டென்று கண்ணில் படும்.

பணம் போய்விட்டால்?

முதல் சில மணி நேரம்தான் முக்கியம். வெட்கப்பட்டு மறைப்பதிலும், ‘பையர் பதில் போடட்டும்’ என்று காத்திருப்பதிலும் அது கரைந்துவிடும்.

உள்நாட்டுக் கணக்குக்குப் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பரிவர்த்தனை எண்ணையும் தொகையையும் சொன்னால், பணம் போன வங்கிகளில் அதை முடக்கி வைக்க முயல்வார்கள். சைபர்கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்திலும் புகார் பதியலாம். வெளிநாட்டுக் கணக்குக்குப் போயிருந்தால், முதலில் பணம் அனுப்பிய வங்கிதான் ஸ்விஃப்ட் வழியாகத் திரும்பப் பெறும் கோரிக்கையை அனுப்ப வேண்டும். அனுப்பியவர் பையர் என்றால், அவரை போனில் பிடித்து அவருடைய வங்கிக்கு விரட்ட வேண்டும். மெயிலில் எழுதினால் உள்ளே உட்கார்ந்திருப்பவரும் படிப்பார்.

மோசடி மெயிலை அழிக்கக் கூடாது. அதன் ஹெடர் தகவல்தான் போலீஸுக்கு ஆதாரம். கோவை, திருப்பூரில் சைபர் கிரைம் காவல் நிலையங்கள் தனியாகவே இருக்கின்றன. அடையாளத் திருட்டு, ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுதல் ஆகியவற்றுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளில் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

வேகமாகப் புகார் செய்தால் பலன் கிடைப்பதற்கும் உதாரணம் இருக்கிறது. லூதியானாவின் வர்த்மான் ஜவுளிக் குழுமத் தலைவர் எஸ்.பி.ஓஸ்வால், 2024இல் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ மோசடியில் 7 கோடி ரூபாய் இழந்தார். புகாருக்குப் பிறகு 5 கோடிக்கு மேல் போலீஸால் மீட்க முடிந்தது.

முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை

சின்ன ஆபீஸ்களில் இந்த மோசடி ஜெயிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதலாளி பெயரில் வந்த செய்தியைச் சந்தேகப்பட ஜூனியர் அக்கவுண்டன்ட்டுக்குத் தைரியம் வராது. ‘இதைக்கூட கேட்டுக்கிட்டு இருப்பியா?’ என்று ஒருமுறை திட்டு வாங்கியவர், அடுத்த முறை கேட்காமலே அனுப்பிவிடுவார்.

‘என் பேர்ல மெயில் வந்தாலும், வாட்ஸ்அப் வந்தாலும், எவ்வளவு அவசரம்னு சொன்னாலும் எனக்கு போன் போட்டுக் கேட்டுட்டுத்தானுங்க அனுப்பணும். ராத்திரி பன்னண்டு மணின்னாலும் பரவால்ல, திட்ட மாட்டேன்.’ இதை ஒருமுறை எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள். காசு செலவில்லாத பாதுகாப்பு இது. பிறகு, ஒரு நாள் நிஜமாகவே பன்னிரண்டு மணிக்கு போன் வந்தால், திட்டாமல் இருக்க வேண்டும்.